பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் நெட்டில் கிடைக்கும் ஹெல்ப்லைனை நம்பாதீர்கள், எனக்கு 4,720 ரூபாய் போய்விட்டது

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரைச் சரிசெய்து தருகிறோம் என்று சொல்லி 4,720 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள். போன வாரம் வரை “மேடம், மேடம்” என்று உருகியவர்கள் இன்று போனையே எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் வீடு தக்கலை பக்கம். மழையோடு விழுந்த இடியில் ரவுட்டர் போய்விட்டது, நெட் இணைப்புக்காரர் வேறொன்று மாட்டிவிட்டுப் போனார். பிரிண்டரையும் புது வைஃபையில் சேர்த்தாயிற்று, போனிலிருந்து கொடுத்தால் பேப்பர் அழகாக வருகிறது, கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்தால் மட்டும் ‘ஆஃப்லைன்’. அது விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். இத்தனை வருஷம் சேர்த்த வினாத்தாள் எல்லாம் யூனிகோடு இல்லாத பழைய தமிழ் ஃபாண்டில் அதில்தான் கிடக்கிறது, வேறு லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அரையாண்டுத் தேர்வு வேறு நெருங்குகிறது. பிரிண்டர் கம்பெனி பெயரைப் போட்டு உதவி எண் தேடினேன். லோகோவோடு முதலில் வந்து நின்றது ஒரு இலவச எண். அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம், கம்பெனிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எடுத்தவர் நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். பிரிண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் படிக்கச் சொல்லி, “வாரண்டி முடிஞ்சிட்டுது மேடம், ஆனாலும் பார்த்துத் தரேன்” என்றார். திரையைத் தூரத்திலிருந்தே இயக்கும் ஒரு புரோகிராமை இறக்கச் சொன்னார். மவுஸ் அம்பு தானாக ஓடி ‘ஈவென்ட் வியூவர்’ என்ற ஒரு பக்கத்தைத் திறந்தது. வரிசையாகச் சிவப்புக் குறி. “பாருங்க, இவ்வளவு எரர், உங்க நெட்வொர்க்கே கரப்ட் ஆகியிருக்கு” என்றார். எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அந்தப் பக்கத்தில் சிவப்புக் குறி இருக்கும் என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். யூஎஸ்பி வயரை எடுத்து பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கச் சொன்னார். அவர் அங்கே ஏதோ தட்ட, இங்கே பிரிண்டர் உறுமி ஒரு டெஸ்ட் பேஜ் வெளியே வந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி! “செட்டிங் எல்லாம் ஏற ஒரு ராத்திரி ஆகும், வயரைக் காலையில கழற்றிக்குங்க, அப்புறம் வைஃபையிலயே ஓடும்” என்றார். சர்வீஸ் 4,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 720, ஆக 4,720 என்று கணக்கும் சொன்னார். வரி வரைக்கும் பிரித்துச் சொல்கிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அனுப்பிய க்யூஆர் கோடில் கம்பெனி பெயருக்குப் பதில் ஒரு ஆளின் பெயர் வந்தது, கேட்டதற்கு “அவர் எங்க அக்கவுண்ட்ஸ் மேனேஜர்” என்று அதற்கும் பதில் தயாராக இருந்தது.

காலையில் வயரைக் கழற்றினேன், மறுபடி ‘ஆஃப்லைன்’. அவர் செய்ததெல்லாம் வயர் வழியாக ஒரு தாள் அடித்ததுதான், அதை நானே செய்திருப்பேன். கூப்பிட்டேன். முதலில் டிக்கெட் போட்டிருக்கிறோம் என்றார்கள். அப்புறம் சீனியர் டெக்னீஷியன் பேசுவார் என்றார்கள், பேசவில்லை. அப்புறம் வேறொரு குரல், விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிட்டுவிட்டது, இன்னொரு பிளான் எடுத்தால்தான் ஓடும் என்றது. கைவிட்டது உண்மைதான், பாதுகாப்பு அப்டேட் வராது. ஆனால் அதனால் பிரிண்டர் ஓடாது என்பது பச்சைப் பொய். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. ஜிஎஸ்டி பில்லாவது அனுப்புங்கள் என்றேன், லைனைத் துண்டித்தார்கள். அந்த 720 ரூபாயை எந்த அரசாங்கத்துக்குக் கட்டினார்களோ! இப்போது நான் அனுப்பும் மெசேஜ் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன், நாகர்கோவிலில் காலேஜ் படிக்கிறவன், வந்து பார்த்தான். “சித்தி, பிரிண்டருக்கு ஒண்ணுமில்ல, அட்ரஸ்தான் மாறிட்டு” என்றான். பிரிண்டரிலேயே நெட்வொர்க் விவரத் தாளை அடித்தான், ஐபி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டரின் அட்ரஸ், 192.168.0 என்று தொடங்கியது. கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், அதில் போர்ட்ஸ், அங்கே இன்னும் பழைய ரவுட்டர் கொடுத்த 192.168.1 அட்ரஸ் உட்கார்ந்திருந்தது. ‘ஆட் போர்ட்’ கொடுத்து, ‘ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்’ தேர்ந்தெடுத்து, புது அட்ரஸை அடித்தான். வரிசையில் சிக்கிக் கிடந்த பழைய பிரிண்டுகளை கேன்சல் செய்து, பிரிண்டுகளை வரிசையில் வைத்து அனுப்பும் ‘பிரிண்ட் ஸ்பூலரை’ ஒரு தடவை நிறுத்தித் தொடங்கினான். தாள் வந்துவிட்டது. இனி அட்ரஸ் மாறாதபடி ரவுட்டரிலும் அதைப் பூட்டி வைத்தான். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, இதற்கா 4,720 ரூபாய்? வயிறு எரிகிறது. எத்தனை பிள்ளைகளின் ஃபீஸ் அது!

பேங்கில் கேட்டால் நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதுதானே என்கிறார்கள். ஆன்லைன் பண மோசடிப் புகாருக்கான அரசு எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை, இவ்வளவு மட்டும் சொல்கிறேன். உதவி எண்ணைத் தேடி எடுக்காதீர்கள், பிரிண்டர் பெட்டியிலோ கையேட்டிலோ உள்ளதை எடுங்கள். தெரியாதவருக்குத் திரையைத் திறந்துவிடாதீர்கள். விட்டிருந்தால் நெட்டைத் துண்டித்து, அந்தப் புரோகிராமை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டு எல்லாம் மாற்றுங்கள். பணம் போனால் உடனே 1930, அன்றைக்கே, தள்ளிப்போடாதீர்கள். பில் தராதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள் என்று மறுபடி ஒரு கூட்டம் கூப்பிடுமாம், பணம் வாங்க பின் தேவையே இல்லை, போட்டால் இருப்பதும் போகும்.