புது டீசல் பிக்கப்பின் சத்தங்கள்: ஓராண்டு ஓட்டிய பிறகு

டீசல் பிக்கப் வாங்கி ஓராண்டு தாண்டிவிட்டது. மைலேஜ், சஸ்பென்ஷன், சீட் என்று எழுத நிறைய இருக்கிறது. ஆனால் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றித்தான். பெட்ரோல் காரிலிருந்து மாறியவர்கள் என்றால் முதல் வாரமே கவலைப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் இந்தப் பகிர்வு முழுக்க இன்ஜின் சத்தத்துக்கு. என்னுடையது நான்கு சிலிண்டர், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் முறை), டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), மேனுவல் கியர், சைலன்சர் பாதையில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டி.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் கடகட சத்தம்தான் பலரையும் பயமுறுத்துகிறது. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீ வைக்கிறது. டீசலில் அது கிடையாது. காற்றைப் பதினைந்து, பதினாறு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்ற வேண்டும். இன்ஜெக்டர் பீய்ச்சுவதற்கும் டீசல் பற்றுவதற்கும் நடுவே மிகச் சிறிய தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்த டீசல் மொத்தமாக எரியும்போது அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. நமக்குக் கேட்கும் 'டக்' அதுதான். இன்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் நீளும், சத்தமும் கூடும். இதைக் குறைக்கத்தான் காமன் ரெயில் வண்டிகளில் முக்கியமான பீய்ச்சலுக்கு முன்னால் துளி டீசலை விட்டு ஒரு சின்ன எரிப்பை நடத்திக்கொள்கிறார்கள்.

என் வண்டி காலையில் ஆயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் நின்று, சூடேற ஏற எண்ணூறு பக்கம் இறங்கும். அதோடு கடகடப்பும் மழுங்கிவிடும். அப்புறம் மெதுவாக ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ஒரு இடத்தில் சத்தத்தின் தன்மை திடீரென்று மாறுவது கேட்கும். எதுவும் உடையவில்லை. சூடு, வேகம், லோடு பார்த்து இசியூ, அதாவது இன்ஜினை இயக்கும் கணினி, டீசல் பீய்ச்சும் முறையை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

டீசலும் இதில் ஒரு காரணம். எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைச் சொல்வது சீட்டேன் எண். ஐரோப்பாவின் இஎன் 590 தரத்தில் அது குறைந்தது 51, அமெரிக்காவின் டி975 தரத்தில் 40. ஒரே இன்ஜின் இந்த இரண்டிலும் ஒரே மாதிரி சத்தம் போடாது. வேறு பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிரப்பியதும் கடகடப்பு கொஞ்சம் கூடினால், அந்த டேங்க் தீர்ந்து அடுத்தது போட்ட பிறகு பாருங்கள். இழுவையும் குறைந்து புகையும் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

காலையில் வண்டியை நகர்த்தியதும் முன்பக்கம் 'ஊ' என்று ஒரு இரைச்சல் வரும். ஆர்பிஎம் ஏறினால் அதுவும் ஏறும், கியர் மாற்றினால் இறங்கும். கிளட்ச் நழுவுகிறதோ என்று பலர் நினைப்பது இதைத்தான். ரேடியேட்டர் ஃபேனில் விஸ்கஸ் கிளட்ச் (சூட்டைப் பொறுத்து ஃபேனைப் பிடித்து விடும் பாகம், கியர் கிளட்ச் அல்ல) உள்ள பிக்கப்புகளில், ராத்திரி முழுக்க நின்றதில் உள்ளே உள்ள சிலிக்கோன் திரவம் ஃபேனைப் பிடித்து வைத்திருக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் விட்டுவிடும். பாரம் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது அதே இரைச்சல் மறுபடி வந்தால் ஃபேன் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். எந்நேரமும் விடாமல் இரைந்தால்தான் அந்தக் கிளட்ச்சைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

டர்போவின் 'உய்ங்' எனக்கு இந்த வண்டியிலேயே ரொம்பப் பிடித்த சத்தம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய ஒன்று, லோடு ஏறும்போது மெல்ல விசிலடிப்பதில் தப்பே இல்லை. அந்த விசில் ஆம்புலன்ஸ் சைரன் போல உரக்க ஏறி இறங்க ஆரம்பித்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். பேரிங் போன டர்போ எண்ணெயையும் இன்ஜினுக்குள் தள்ளும்.

'புஸ்ஸ்' வேறு கதை. சில மாதங்களுக்கு முன் ஏற்றத்தில் புதிதாக அப்படி ஒன்று கேட்டது. மூன்றாவது கியரில் வழக்கமாக ஏறுகிற இடத்தில் வண்டி திணறியது, பின்னால் கரும்புகை. பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய் ஈரம் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கருப்பாக ஒரு வளையம். கிளாம்ப் அரை விரற்கடை நகர்ந்திருந்தது. மெக்கானிக் குழாயைத் துடைத்து, சரியான இடத்தில் உட்கார வைத்து இறுக்கினார். சத்தமும் புகையும் அன்றோடு போயின.

டிபிஎஃப் சுத்தம் செய்துகொள்ளும் நேரம் வந்தால் வண்டியின் குரலே மாறும். ஐடிலிங் கொஞ்சம் ஏறும், சைலன்சர் சத்தம் கனக்கும், ஃபேன் ஓடும், சூடான வாடை வரும். உள்ளே கரியை எரிக்க அறுநூறு டிகிரி அளவுக்குச் சூடு ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் வண்டியை அணைக்காமல் நல்ல ரோட்டில் கொஞ்சம் சீராக ஓட்டி முடித்துவிடுவது நல்லது. பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் அதற்காகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள், உடனே காட்டுங்கள்.

சாவியை அணைத்த பிறகு வருபவை: காற்றுப் பாதையின் மூடி விழும் 'டப்', டர்போ இறக்கைகளையோ இஜிஆர் வால்வையோ (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) நகர்த்திப் பார்க்கும் சின்ன மோட்டாரின் 'கிர்ர்', சைலன்சர் ஆறும்போது வரும் 'டிக் டிக்'. மூன்றும் இயல்பு.

இயல்பல்லாதவற்றில் அடியிலிருந்து வரும் கனமான 'டொக் டொக்' முதலிடம். லோடு கொடுத்தால் கூடுகிறது, ஆயில் விளக்கும் எரிகிறது என்றால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஓட்டிக்கொண்டே போகலாம் என்ற யோசனையே வேண்டாம். நன்றாகச் சூடேறிய பிறகும் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகத் தட்டினால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். 'சஃப் சஃப்' என்று காற்று தப்பும் சத்தத்தோடு இன்ஜெக்டர் அடியில் தார் மாதிரி கருப்பு படிந்தால் அதன் வாஷர் போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு வினாடி வரும் கலகலப்பை விடலாம். அது தினமும் நீண்டுகொண்டே போனால் டைமிங் செயின் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

புது வண்டி வாங்கியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: முதல் மாதமே சத்தத்தை ரெக்கார்ட் செய்து வையுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒன்று, நன்றாக ஓடிச் சூடேறிய பிறகு ஒன்று. ஒரே இடம், ஒரே போன், ஒரே தூரம். மற்றவர்கள் போட்ட வீடியோவோடு ஒப்பிடுவது பயன்படாது. போன் மைக் சின்னச் சத்தத்தைத் தானே பெரிதாக்கிவிடும், அதில் எந்த டீசலும் உடைந்த இன்ஜின் மாதிரிதான் கேட்கும். உங்கள் வண்டியை உங்கள் வண்டியின் பழைய சத்தத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சர்வீஸில் "ஏதோ சத்தம் வருது" என்று சொன்னால், "டீசல் வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றுதான் பதில் வரும். குளிரிலா சூட்டிலா, எந்த ஆர்பிஎம்மில், கிளட்ச் மிதித்தால் நிற்கிறதா என்று சொல்லுங்கள். காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் முந்தின நாள் இரவே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். அவர்களும் குளிர்ந்த இன்ஜினைக் கேட்டால்தான் பேச்சு முன்னேறும். அங்கே நிற்கும் அதே மாடல் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லவும் தயங்காதீர்கள்.

இப்போது என் வண்டியில் நான் கவனித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் பக்கம் லேசான கலகலப்பு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிடுகிறது. லோடு இல்லாத கியர் பற்கள் உரசும் சத்தம் இது, கொஞ்சம் இருப்பது சகஜம். பழைய ரெக்கார்டிங்கில் இதைவிடக் குறைவாகக் கேட்கிறது. அடுத்த சர்வீஸில் கியர் ஆயிலையும் ஃப்ளைவீலையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அந்த ரெக்கார்டிங்கையும் கையோடு எடுத்துப் போகிறேன்.