ஹைட்ராலிக் கட்டில் வாங்குறவங்க மெத்தைய தூக்கிப் பாக்காம மீதிப் பணத்த குடுக்காதீங்க

சின்ன பெட்ரூமுக்கு இடம் மிச்சம் பண்ற கட்டில் தேடுறவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். கடை பேர் போடல, கேஸ் நடக்குது.

எங்க வீடு சென்னை மடிப்பாக்கத்துல, கிரவுண்ட் ஃப்ளோர், டபுள் பெட்ரூம்னு பேருதான், ரெண்டாவது ரூம் 10க்கு 9 அடி. அதுல 78க்கு 60 இன்ச் கட்டில் போட்டா ஆறரை அடி நீளம் அஞ்சடி அகலம் அதுக்கே போயிடும், கால்மாட்டுல ரெண்டடி ஆழத்துல பீரோ நிக்குது, மிச்சம் ஒன்றரை அடி சந்து. போர்வை, கெஸ்ட் வந்தா போடுற பாய் தலகாணி, அம்மாவோட பட்டுப்புடவைப் பொட்டி இதெல்லாம் வைக்க வேற இடமே இல்ல. அதான் அடியில ஸ்டோரேஜ் வச்ச ஹைட்ராலிக் கட்டில்னு முடிவு பண்ணோம், மேல் பலகைய மெத்தையோட ஒரு கையால தூக்கலாம், ரெண்டு பக்கமும் கேஸ் ராடு, அதாவது வாயு அடைச்ச சிலிண்டர், தாங்கிக்கும், கடையில தூக்கிக் காட்டும்போது அவ்ளோ லேசா இருந்துச்சு.

கடையில நான் கேக்க வேண்டியத எல்லாம் கேட்டேன். என்ன மரம்னு கேட்டதுக்கு "மேடம், முழுக்க மரைன் பிளை, தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னார். ஷோரூம் பீஸோட உள்பக்கத்துல ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 710னு அச்சும் தெளிவா இருந்துச்சு, அது மரைன் பிளைக்கு உள்ள நம்பர்தான். இதே மாதிரிதான் வரும்னு கொட்டேஷன்ல எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்குனேன், "பிளைவுட் ஹைட்ராலிக் கட்டில், குயின்"னு எழுதி சீல் போட்டுக் குடுத்தார். 46,000 ரூபா, பாதி அட்வான்ஸ், மீதி டெலிவரியில.

டெலிவரிக்கு பகல்ல வந்தாங்க, நானும் வீட்டுக்காரரும் ஆபீஸ், அம்மா மட்டும்தான் வீட்ல. ஆளுங்க மாட்டி முடிச்சு கையோட மெத்தையையும் மேல போட்டு "அம்மா செக் பண்ணிக்கங்க"ன்னு ஒரு தடவ தூக்கிக் காட்டிட்டு, ஜிபே வந்ததும் கிளம்பிட்டாங்க. ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்ல வந்துச்சு, அதுல வெறும் "ஹைட்ராலிக் காட் குயின் - 1", பிளைவுட்ங்கிற வார்த்தையே இல்ல. போன் பண்ணி கேட்டா "சாஃப்ட்வேர்ல அப்படித்தான் மேடம் வரும், கொட்டேஷன் இருக்குல்ல"ன்னார்.

மழை சீசன்ல ஆரம்பிச்சுது. ஐப்பசி கார்த்திகையில கிரவுண்ட் ஃப்ளோர் எப்படி ஓதம் காக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். கட்டிலோட கீழ் விளிம்பு மைக்கா லேசா உப்ப ஆரம்பிச்சுது, உள்ள வச்ச போர்வையில பூசண வாடை. மேல் பலகையில காத்து போக ஒரு ஓட்டை கூட போடல. தூக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் முன்னாடியும் இன்னொரு பக்கம் பின்னாடியும் வந்துச்சு, கடையில சொன்னா "புதுசு மேடம், செட் ஆயிரும்". ஆளு அனுப்புறேன்னு சொல்லி அனுப்பவே இல்ல.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அம்மா கட்டில தூக்கி வச்சுட்டு உள்ள குனிஞ்சு தலகாணி உறை எடுத்துட்டு இருந்திருக்காங்க. இடது பக்க ராடோட பிராக்கெட் ஸ்க்ரூவோட பிச்சுகிட்டு வந்து, பலகை ஒரு பக்கமா சாஞ்சு அப்படியே இறங்கிருச்சு. தலைய இழுத்துட்டாங்க, கை மாட்டிகிச்சு. நான் அடுப்படியில இருந்து ஓடிப்போய் தூக்கினேன், மெத்தையோட சேந்த வெயிட்டு என் ஒருத்தியால முழுசா தூக்க முடியல, கைய உருவுற அளவுக்குத்தான் தூக்க முடிஞ்சுது. எக்ஸ்ரேல எலும்பு முறியலன்னு வந்துச்சு, ஆனா முன்கை பூரா கருநீலமா வீங்கி, அந்தக் கையால தண்ணிச் சொம்பு கூட புடிக்க முடியாம ரொம்ப நாள் கஷ்டப்பட்டாங்க. 68 வயசு.

இது ஏதோ கைல அடிபடுற விஷயம் மட்டும்னு நினைக்காதீங்க. 2024 ஜூன்ல இங்கிலாந்துல டர்ஹாம் பக்கம் ஒரு பொண்ணு, இதே மாதிரி கேஸ் லிஃப்ட் கட்டிலோட பலகை கழுத்துல விழுந்து இறந்தே போனாங்க, ரெண்டு பிஸ்டன்ல, அதான் அந்த ராடுல, ஒண்ணு பழுதாம், விசாரிச்ச அதிகாரி இனிமே இப்படி நடக்காம தடுக்கணும்னு அரசாங்கத்துக்கே எழுதினார். அத படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் எங்க ஏரியா ஆசாரி அண்ணன கூப்பிட்டேன். அவர் பிச்சுகிட்ட எடத்துல விரல விட்டு ஒரு சுரண்டு சுரண்டினார், பழுப்பு கலர்ல தூளா கொட்டுது. விளிம்புல ஒட்டியிருந்த பட்டிய (எட்ஜ் பேண்ட்) உரிச்சு காட்டினார், பிளைன்னா அடுக்கடுக்கா ஏடு தெரியணும், இது முழுக்க மரத்தூள பசை போட்டு அழுத்துன பார்ட்டிகிள் போர்டு, மேல மட்டும் மைக்கா. "தங்கச்சி, இதுல ஸ்க்ரூ எப்படிம்மா நிக்கும்? ராடு தூக்குற வலு பூரா இந்த நாலு ஸ்க்ரூ மேலதான் விழுது"ன்னார். கீழ் விளிம்பு தரை துடைக்கிற ஈரத்துக்கே ஊறி ரெண்டு மடங்கு தடிப்பா இருந்துச்சு. ஷோரூம்ல காட்டுனது ஒண்ணு, வீட்டுக்கு வந்தது வேற ஒண்ணு, இதுக்குப் பேரு மோசடிதான்.

ராடு பத்தியும் அவர்தான் சொன்னார். சிலிண்டர் மேல நம்பர் அச்சடிச்சிருக்கணும், 800, 1000, 1200னு, அது நியூட்டன் கணக்கு, 100 நியூட்டன்னா சுமாரா 10 கிலோவ தள்ற வலு. கீல் கிட்டயே மாட்டுறதால அந்த வலு முழுசும் தூக்க உதவாது, அதனால நம்ம மெத்தை என்ன வெயிட்டோ அதுக்கு ஏத்த ராடு போட்டாத்தான் நிக்கும். ஃபோம் மெத்தைக்கு போட்ட ராடு வெயிட்டான லேடெக்ஸ் மெத்தைய தாங்காது, ரொம்ப ஸ்ட்ராங்கா போட்டா பலகை மூடாம எகிறி ஸ்க்ரூவ பிய்க்கும். எங்க ராடுல நம்பரே இல்ல, ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்துச்சு. என்ன மெத்தை போடப்போறீங்கன்னு கடையில ஒரு வார்த்தை கேக்கல.

போட்டோ வீடியோ எல்லாம் கடைக்கு அனுப்பினேன். மொத பதில் "ஓவர்லோட் பண்ணிட்டீங்க". அடுத்து "தண்ணி பட்டா வாரண்டி கிடையாது". அடுத்து "ஹைட்ராலிக் பார்ட்ஸுக்கு வாரண்டியே இல்ல, பில்லுக்குப் பின்னாடி பாருங்க". தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன அதே ஆளு! அம்மா கைய பத்தி ஒரு வார்த்தை விசாரிக்கல, அதுதான் எனக்கு இன்னும் ஆறவே இல்ல.

1915க்கு போன் பண்ணேன், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். அவங்க கடைக்கு அனுப்புனதுக்கு "கஸ்டமர் மிஸ்யூஸ்"னு ஒரே வரி பதில். அதனால இ-ஜாக்ரிதி போர்டல்ல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டாச்சு. நிறைய பேருக்கு தெரியாத விஷயம், 5 லட்சம் வரைக்கும் வாங்குன பொருளுக்கு கேஸ் ஃபீஸ் கிடையாது, 2019 சட்டப்படி கடை எங்க இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு அச்சடிச்சிருந்தா அதோட முடிஞ்சுதுன்னு விட்டுறாதீங்க, பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள பழுதான பொருள திரும்ப வாங்க மாட்டேன்னு சொல்றதே நியாயமில்லாத வணிகம்னு சட்டத்துல இருக்கு.

இப்ப வாங்கப்போறவங்களுக்கு. பில்லுலயே, கொட்டேஷன்ல இல்ல, பில்லுலயே பலகை என்ன வகை, எத்தன எம்எம், ராடு எத்தன நியூட்டன்னு எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அந்தக் கடை வேண்டாம். மரைன்னா 710, சாதா எம்ஆர் (ஓதம் தாங்குறது), பிடபிள்யூஆர் (கொதிதண்ணி தாங்குறது) ரெண்டும் 303, முத்திரை பக்கத்துல இருக்கிற லைசென்ஸ் நம்பர ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கிற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா யாரோடதுன்னு வந்துரும். டெலிவரி அன்னைக்கு மெத்தைய போடுறதுக்கு முன்னாடி பலகைய தூக்கி பிராக்கெட் எதுல மாட்டியிருக்குன்னு டார்ச் அடிச்சு பாருங்க, வெறும் ஸ்க்ரூவா இல்ல போல்ட் ஊடுருவி பின்னாடி பிளேட் வச்சு நட்டு முடுக்கியிருக்கான்னு பாருங்க. குயின்னு சொல்றத மட்டும் நம்பாதீங்க, நம்ம ஊர்ல 72, 75, 78 மூணு நீளமும் குயின்தான், டேப் வச்சு அளங்க. வயசானவங்க தனியா எடுத்து வைக்கிற வீடுன்னா எவ்ளோ நல்ல ராடா இருந்தாலும் நான் ஹைட்ராலிக் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

எங்களுக்கு ஆசாரி அண்ணன் ஒரு வழி சொன்னார். கட்டில நடுவுல போட்டா ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடி, எதுக்கும் ஆகாது, அதையே ஒரு பக்க சுவத்தோட ரெண்டு இன்ச் விட்டு ஒட்டிப் போட்டா இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட நாலடி முழுசா கிடைக்கும், அந்தப் பக்கம் மூணு பெரிய டிராயர் வச்சிரலாம், யாரும் எதையும் தூக்க வேண்டாம். 18 எம்எம் பிளையில செஞ்சு குடுத்துட்டார், பிளைய நானே கூடப் போய் முத்திரை பாத்து வாங்கினேன். பழைய கட்டில மட்டும் பிரிச்சு பால்கனியில தார்ப்பாய் போட்டு வச்சிருக்கோம், ஆணையத்துல கேட்டா காட்டணும்ல.

கேஸ் நம்பர் ஆனதும் கடைக்காரர் அவரே போன் பண்றார், பாதிப் பணம் தர்றேன் மேடம், வாபஸ் வாங்கிக்கங்கன்னு. முழுப் பணமும் அம்மாவோட ஆஸ்பத்திரி செலவும் வராம நான் வாபஸ் வாங்கறதா இல்ல.