"எல்லா ஸ்பெஷல் டூல்ஸும் ஒரே பெட்டியில்" என்று வாங்கிவிடாதீர்கள்: என் இன்ஜின் மரை போன கதை

வீட்டிலேயே பைக் வேலை பார்க்கிறவர்களும் புதிதாகத் தொடங்கப்போகிறவர்களும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஆன்லைனில் "பைக் ஸ்பெஷல் டூல் செட், முழுமையானது, எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று விற்ற ஒரு பெட்டியை வாங்கினேன். மூன்று வேலைக்கு எடுத்தேன், மூன்றிலும் அடி. விற்றவர் பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்கு உதவாது, காரணம் கீழே வருகிறது.

சாதாரண ஸ்பானர் செட் இருந்தால் ஆயில் மாற்றலாம், பேட்டரி கழற்றலாம். அதைத் தாண்டிப் போனால் சர்வீஸ் மேனுவல் பக்கத்துக்குப் பக்கம் ஒரு தனி டூலைக் கேட்கும். இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டை இழுத்துக் கழற்றப் புல்லர், கிளட்ச் ஹப்பைச் சுற்றாமல் பிடிக்க ஹோல்டர், ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் உள்ள கோன்செட் நட்டுக்கு சி ஸ்பானர், செயினை வெட்டி ரிவெட் அடிக்க ஒரு கருவி, எல்லாவற்றுக்கும் மேலே, நாம் வைத்த அளவுக்கு போல்ட் இறுகியதும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச். கூடுதல் லைட்டும் யுஎஸ்பி சார்ஜரும் மாட்டும் எண்ணமும் இருந்ததால், ஒயர் முனையில் டெர்மினலை மடித்து அழுத்தும் கிரிம்பிங் டூலும் தேவைப்பட்டது. அந்தப் பெட்டியில் இத்தனையும் இருந்தன. போதாததற்கு டார்க் ரெஞ்சுக்கு அளவு சரியாக இருக்கிறது என்று சோதித்ததாக முத்திரையும் கையெழுத்தும் போட்ட காலிபரேஷன் சான்றிதழ். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

முதல் வேலை ஆயில் ஃபில்டர் மூடி. 6 மில்லிமீட்டர் போல்ட் மூன்று, மேனுவலில் இறுக்க வேண்டிய அளவு 12 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. ரெஞ்ச் 5 முதல் 25 வரை அளவுள்ளது, 12-இல் வைத்தேன். முதல் போல்ட்டுக்கு 'டிக்' சத்தம் கேட்டது, இரண்டாவதுக்கும் கேட்டது. மூன்றாவது இறுகிக்கொண்டே வந்தது. சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தபோது சட்டென்று கை லேசாகிவிட்டது. இந்த வேலை பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும், வயிற்றைப் பிசையும். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் பள்ளங்களுக்குள் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. நகத்தால் நெம்பி இழுத்தேன், மெல்லிய ஸ்பிரிங் போல ஒரே சுருளாகக் கையோடு வந்தது. என் இன்ஜின் கேஸின் மரை அது.

என் கை அழுத்தம்தான் தப்பு என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் அந்தச் சுருளைக் காட்டினேன். அவர் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. "டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கியும் மரை போச்சுன்னா, மொதல்ல ரெஞ்சைப் பாரு தம்பி" என்றார்.

பார்ப்பதற்கு ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். இதை ஒவ்வொருவரும் வீட்டில் செய்யலாம், செய்யவும் வேண்டும். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் இறுக்கிப் பிடித்து, ரெஞ்ச் தரைக்கு இணையாகக் கிடக்கும்படி வையுங்கள். தொங்கவிடும் எடை இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும். சதுர முனையின் நடுவிலிருந்து அளந்து, கைப்பிடியில் நம் கை பிடிக்கும் இடத்தில் கயிறு கட்டி ஒரு கேனைத் தொங்கவிடுங்கள். கேனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சத்தம் வந்ததும் நிறுத்திக் கேனை எடை போடுங்கள். கிலோவில் உள்ள எடையை 9.81-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தாலும் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். என் ரெஞ்சில் அந்தத் தூரம் 20 சென்டிமீட்டர். 12 நியூட்டன் மீட்டருக்கு 6.1 கிலோவிலேயே சத்தம் வந்திருக்க வேண்டும்.

6 கிலோ, 7 கிலோ, 8 கிலோ தாண்டியும் ஒன்றும் கேட்கவில்லை. 8.5 கிலோவில் ஒருமுறை அடித்தது. மறுபடி செய்தேன், 9.5. மூன்றாவது முறை 9. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 17 முதல் 18.5 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடை வேறு இதோடு சேரும், ஆக உண்மையான அழுத்தம் இன்னும் கொஞ்சம் அதிகம். அலுமினியத்துக்குள் போகும் ஒரு 6 மில்லிமீட்டர் போல்ட் அதைத் தாங்காது. இப்படிப்பட்ட கைக் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 6789 என்று ஒரு தரம் இருக்கிறது. அளவை மாற்றி வைக்கும் 'டிக்' ரெஞ்சில், 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட வகைக்கு 4 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம் என்பது அதன் கணக்கு. என்னுடையது 40 சதவீதத்துக்கும் மேல் விலகியது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் அடித்தது. ஒரே இடத்தில் தவறாக அடித்திருந்தாலாவது கணக்குப் போட்டுச் சமாளித்திருப்பேன்.

இதே ரெஞ்ச் எதிர்ப்பக்கம் தவறி, சீக்கிரமே சத்தம் கொடுத்திருந்தால் நான் சந்தோஷமாக அதையே வைத்து பிரேக் கேலிபர் போல்ட்டையும் இறுக்கியிருப்பேன். மரை போகாது, எந்த அடையாளமும் தெரியாது. ஓடும்போது கழன்றிருக்கும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த நினைப்பு தூங்கவிடாததால்தான்.

பிறகுதான் சான்றிதழை ஒழுங்காகப் படித்தேன். காலிபரேஷன் சான்றிதழ் என்றால் அது ஒரு குறிப்பிட்ட ரெஞ்சுக்கு உரியது. தாளில் உள்ள வரிசை எண் ரெஞ்சின் உடம்பிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த ரெஞ்சைச் சோதித்தார்கள் என்று யார் சொல்வது? என் தாளில் எண் இருந்தது. ரெஞ்சைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன், உடம்பில் எங்கும் எண் இல்லை. தாளில் இருந்த கையெழுத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். பேனா மை இல்லை, எல்லாமே அச்சு.

செயின் கருவி இன்னும் மோசம். பின்னின் தலையைக் கிரைண்டரில் சமமாகத் தேய்த்த பிறகுதான் தள்ள வேண்டும், அதைச் செய்தேன். பாதி தள்ளியதும் கருவியின் ஊசி முறிந்து செயினுக்குள்ளேயே நின்றுவிட்டது. சரியாக ஹார்டன் செய்த, அதாவது கடினமாக்கிய, ஊசி என்றால் இவ்வளவுக்கு முறியாது. ஒருவேளை முறியாமல் வேலை முடிந்திருந்தால் அந்தக் கருவியை வைத்தே புதுச் செயினுக்கு ரிவெட்டும் அடித்திருப்பேன். 520, 525 அளவுள்ள பல செயின்களில் அடித்த பிறகு பின்னின் தலை 5.5 முதல் 5.8 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்க வேண்டும், செயினோடு வரும் தாளில் உங்கள் செயினுக்கான அளவு இருக்கும். வெர்னியர் வைத்து அளந்தே ஆக வேண்டும். விரிவு குறைந்தால் லிங்க் பிளேட் கழன்று வரும், ஓடுகிற வண்டியில் செயின் அறுந்தால் இன்ஜின் கேஸை உடைக்கும், பின் சக்கரத்தைப் பூட்டும். முறிகிற ஊசியை நம்பி இறங்கும் வேலையே இல்லை இது.

ஸ்க்ரூ டிரைவர்கள் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானிய வண்டிகளில் ஸ்டார் ஸ்க்ரூ போலத் தெரிபவை பெரும்பாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை, பலவற்றின் தலையில் சின்னப் புள்ளி இருக்கும். சாதாரண பிலிப்ஸ் முனை அதற்குள் அடிவரை உட்காராது, திருப்பும்போது ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பெட்டியில் ஜேஐஎஸ் என்று எழுதியிருந்தது, உள்ளே இருந்தவை பிலிப்ஸ். மேக்னட் புல்லரை நான் தொடவே இல்லை. புல்லரின் மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும், சிலவற்றில் இடது மரை. "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்ற சொல்லே புல்லர் விஷயத்தில் பொய் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

லைட் மாட்டியபோது கிரிம்பிங் டூலும் கைவிட்டது. ஒயரிங்கைச் சரியாகத்தான் செய்தேன்: பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே, 20 வாட் விளக்கு இரண்டு சேர்ந்து சுமார் 3.3 ஆம்பியர், அதனால் 5 ஆம்பியர் ஃபியூஸ். ஆனால் டூலின் தாடை டெர்மினலை மடிக்காமல் தட்டையாக நசுக்கிவிட்டிருக்கிறது. ஒரு ராத்திரி மழையில் வந்துகொண்டிருந்தபோது இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் டெர்மினல் ரிலேயிலேயே இருக்கிறது, ஒயர் மட்டும் உருவிக்கொண்டு தொங்குகிறது. முழு அழுத்தம் கொடுக்காமல் விடாத ராட்செட் வகை டூலை வாங்குங்கள். ஒவ்வொரு டெர்மினலையும் அழுத்தி முடித்ததும் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். செம்புக் கம்பிக்கு ஒரு மடிப்பும் மேலுறைக்கு ஒரு மடிப்பும் தனித்தனியாக விழுந்திருக்க வேண்டும்.

விற்றவரோடு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் வீடியோ கேட்டார்கள். தண்ணீர் கேன் சோதனையை மூன்று முறையும் படம் பிடித்து அனுப்பினேன். "சார், நீங்க யூஸ் பண்ணிட்டீங்க, யூஸ் பண்ணின டூலை ரிட்டர்ன் எடுக்க முடியாது" என்று பதில். பயன்படுத்தாமல் ரெஞ்ச் கெட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. ஒரு நட்சத்திரம் போட்டு நடந்ததை எழுதிய மறுநாளே அவர்களாக அழைத்தார்கள். பாதிப் பணம் தருகிறோம், ஐந்து நட்சத்திரமாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். முடியாது என்றேன். இன்னொருவர் வீட்டில் பிரேக் போல்ட்டில் முடியக்கூடிய விஷயத்துக்கு நான் விலை வாங்க மாட்டேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தின் பழைய மதிப்புரைகளைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். நூற்றுக்கணக்கில் ஐந்து நட்சத்திரங்கள். அடியில் இருந்தவை எல்லாம் "காற்று சீக்கிரம் ஏறுகிறது", "குழந்தையின் சைக்கிளுக்கு அருமை" என்று இருந்தன. அது முன்பு சைக்கிள் பம்பு விற்ற பக்கம். பொருளை மட்டும் மாற்றிவிட்டு நட்சத்திரங்களை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்கும் முன் நானும் நட்சத்திர எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தேன். நீங்கள் மிகப் பழைய பத்து மதிப்புரைகளையாவது திறந்து படியுங்கள்.

இப்போது நான் வாங்குவது ஒரு வேலைக்கு ஒரு டூல். மேனுவலைத் திறந்து அந்த வேலைக்கு என்ன அளவு என்று பார்த்து அதை மட்டும் வாங்குகிறேன். டார்க் ரெஞ்ச் ஒன்று போதாது: சின்ன போல்ட்டுகளுக்கு ஒன்று, ஆக்ஸில் நட் மாதிரியானவற்றுக்கு ஒன்று. அளவுக்கோட்டின் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கை நம்பாமல் இருப்பது நல்லது. வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்துவிடுகிறேன், ஸ்பிரிங் தளராது. வருஷத்தில் ஒருமுறை தேவைப்படும் புல்லரை மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பார்சல் வந்த அன்றே, திருப்பி அனுப்பும் நாட்கள் முடியும் முன், தண்ணீர் கேனைத் தொங்கவிட்டுவிடுகிறேன்.

மரையை அண்ணன்தான் சரிசெய்தார். ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை உள்ளே ஏற்றினார். உலோகத் தூள் இன்ஜினுக்குள் விழாமல் இருக்க மரை வெட்டும் டேப் கருவி முழுக்க கிரீஸ் தடவிக்கொண்டு, கால் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துத் துடைத்துச் செய்தார். ஒரு போல்ட்டுக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது.

நேற்று இரவு அந்தப் பக்கத்தை மறுபடி தேடினேன். பழைய பெயரில் இல்லை. வேறு விற்பனையாளர் பெயர், பெட்டியின் நிறமும் வேறு, விளக்கம் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை அதே. நான்காவது படத்தில் காலிபரேஷன் சான்றிதழ் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்து, என் மேசையில் இருந்த தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அதே வரிசை எண், அதே தேதி, அதே கையெழுத்து.