ஸ்பாய்லர் மாட்டப் போகிறவர்களுக்கு: ட்ரில் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் காருக்கு ஸ்பாய்லர் (டிக்கி மேல் இறக்கை மாதிரி மாட்டுவது) மாட்ட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கடையோடு முடிகிற விஷயமாகவும் எனக்குத் தெரியவில்லை.

என்னுடையது டிக்கி வைத்த வெள்ளை வண்டி. வைகாசியில் கும்பகோணத்தில் ஓர் ஆக்சசரிஸ் கடையில், இரண்டு கால் வைத்த ஃபைபர் ஸ்பாய்லர் வாங்கி அங்கேயே மாட்டினேன். மகனுக்கு ஆசை. நம் ரோட்டில் நாம் போகிற வேகத்துக்கு அது காற்றை அமுக்கப் போவதுமில்லை, வண்டியைப் பிடித்து நிறுத்தப் போவதுமில்லை; அழகுக்குத்தான். கடைப் பையன் மளமளவென்று ட்ரில் போட்டு முடுக்கிவிட்டு, "சிலிக்கான் அடிச்சிருக்கேண்ணே, சொட்டுத் தண்ணி இறங்காது" என்றான்.

ஐப்பசி அடைமழை பிடித்ததும் ஆரம்பித்தது. டிக்கியைத் திறந்தால் முடை நாற்றம். விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னி குழியில் தண்ணீர். ஸ்பாய்லரின் இடது காலுக்கு அடியிலிருந்து வெள்ளை பெயிண்ட் மேல் காவி நிறத்தில் ஒரு கோடு நம்பர் பிளேட் வரை இறங்கியிருந்தது. துடைத்தால் போகும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

கடைக்குப் போனேன். முதலாளி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உப்புக் காத்து சார். நாகப்பட்டினம், வேளாங்கண்ணின்னு போயிருப்பீங்க." வேளாங்கண்ணிக்குப் போய்வருகிற வண்டிக்கெல்லாம் ஸ்பாய்லர் காலுக்கு அடியில் மட்டும்தான் துரு பிடிக்குமா என்று கேட்டேன். பதில் இல்லை. பாலிஷ் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து, காலைச் சுற்றி வெளிப்பக்கம் இன்னொரு கோடு சிலிக்கான் இழுத்து அனுப்பிவிட்டார்கள். ஒழுக்கு நிற்கவில்லை.

அப்புறம்தான் பாபநாசத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த பாயிடம் வண்டியை விட்டேன். அவர் ஸ்பாய்லரைக் கழற்றிக் காட்டியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. துளைகள் போல்ட்டைவிடப் பெரிசு. விளிம்பில் பிசிறு அப்படியே நின்றது, ஒரு பொட்டு பிரைமர் இல்லை. துளையைச் சுற்றி பெயிண்ட் கொப்புளித்திருந்தது. பாய் நகத்தால் கீறினார், அப்பளமாக உரிந்து வந்தது. அடியில் செக்கச்செவேலென்று துரு. அதைவிடக் கொடுமை, வலது காலுக்கு அடியில் ஒரு துளை அதிகமாக இருந்தது. அளவு தப்பிப் போட்டுவிட்டு, பட்டி வைத்து அடைத்து, மேலே ஸ்பாய்லர் காலை வைத்து மறைத்துவிட்டார்கள். தண்ணீர் முக்கியமாக அதன் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. டிக்கிக் கதவின் கீழ் ஓரத்தில் தண்ணீர் வடிவதற்கென்றே கம்பெனி விட்டிருக்கும் சிறு துவாரங்களை ட்ரில் தூள் துருப்பிடித்துக் கட்டியாகி அடைத்திருந்தது.

"மழை மேல பழி போடாதீங்க தம்பி. ட்ரில்லு போட்டதுக்கும் போல்ட்டு மாட்டுனதுக்கும் நடுவுல ஒரு வேலை இருக்கு. அதை அவங்க செய்யவே இல்லை" என்றார் பாய்.

காரின் தகரத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் இருக்கும் பூச்சுகள்தான். பல வண்டிகளில் அடியில் துத்தநாகம், அதற்கு மேல் பிரைமர், கலர், கிளியர் கோட். துளை போட்டதும் அத்தனையும் அறுந்து, விளிம்பில் பச்சை இரும்பு தெரிகிறது. பிசிறு நிற்கும் கூர்மையான ஓரத்தில் பெயிண்ட் அடித்தாலும் தங்காது, அதனால்தான் முதலில் அரம் போட வேண்டும். அங்கே தொடங்கும் துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். வெளியில் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே நிறையத் தின்றிருக்கும்.

அவர்கள் அடித்த சிலிக்கானும் தப்பு. அடிக்கும்போது காடி வாசனை குப்பென்று வரும் ரகம் அது. கண்ணாடி, டைல்ஸ் வேலைக்குப் பயன்படும் மலிவு சரக்கு. காய்கிறபோது அசிட்டிக் அமிலத்தை விடும். ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் யாராவது புளி கரைத்து வைப்பார்களா? பச்சை இரும்பில் அதை அடிப்பது அந்த மாதிரி வேலை. டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருக்கும் சிலிக்கானோ பாலியூரித்தேன் சீலன்டோதான் வண்டிக்கு ஆகும்.

பட்டியைப் பிடுங்கி, உபரித் துளையைப் பற்றவைத்து மூடித் தந்தது பாய். மற்ற இரண்டு துளைகளை அவர் சொல்லச் சொல்ல வீட்டில் நானே சரிசெய்து ஸ்பாய்லரைத் திரும்ப மாட்டினேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை, பொறுமைதான் வேண்டும். துரு போய் வெள்ளை இரும்பு தெரிகிறவரை உப்புத்தாளால் தேய்த்து, குழிக்குள் மிச்சமிருந்த துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினேன். அதில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பாகிவிடும். காய்ந்ததும் விளிம்பின் இரண்டு பக்கமும், துளையின் உள் சுவரிலும், சின்ன பிரஷ்ஷால் ஜிங்க் பிரைமர். கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு போதுமே என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஜிங்க் பிரைமர் காய்ந்த பிறகு டச்-அப் கலர், அதன் மேல் கிளியர். உங்கள் வண்டியின் கலர் குறியீடு கதவுத் தூணிலோ என்ஜின் பக்கமோ உள்ள தகட்டில் இருக்கும். வெள்ளையிலேயே ஏகப்பட்ட வெள்ளை இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும். கார்த்திகை ஈரத்தில் அது நடக்காது என்று பொங்கல் தாண்டும் வரை காத்திருந்தேன், அதுவரை துளைகளுக்கு டேப்தான்.

புதிதாகத் துளை போடுகிறவர்கள் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பஞ்ச் வைத்துத் தட்டி, சின்ன பிட்டில் ஆரம்பித்துப் பெரிசாக்குங்கள். அடியில் ஈரத்துணி விரித்துத் தூளைப் பிடியுங்கள், மிச்சத்தைக் காந்தத்தால் பொறுக்குங்கள். பெயிண்ட் மேல் கிடக்கும் ஒரு துளி இரும்புத் தூள்கூட ஒரு ராத்திரிப் பனியில் துருப் பொட்டு வைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்தான் நல்லது, ஆனால் அதை பச்சை இரும்போடு நேராகத் தொடவிட்டால் ஈரத்தில் இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் வேண்டும். சீலன்டைத் துளையைச் சுற்றி வளையமாக வைத்துவிட்டு போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, சீலன்ட் கொஞ்சம் இறுகிய பிறகு ஸ்பானர் போடுங்கள். முதலிலேயே இறுக்கினால் சீலன்ட் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், தகரமும் குழிந்துவிடும்.

டிக்கி ஓரத்தில் ஒட்டும் சன்னமான லிப் ஸ்பாய்லர் என்றால் துளையே வேண்டாம். 3எம் விஎச்பி போன்ற அக்ரிலிக் ஃபோம் டேப் போதும். மெழுகு, பாலிஷ் எல்லாம் போக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஒட்டி, நன்றாக அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதற்குள் வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள்.

ஏற்கெனவே கடையில் மாட்டியவர்கள் டிக்கிக் கதவின் உள் லைனிங்கைக் கழற்றி செல்போன் டார்ச்சில் போல்ட்டைச் சுற்றிப் பாருங்கள். ஆரம்பத் துருவாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை.

கடைசியாக பில். என்னுடைய பில்லில் 'ஸ்பாய்லர் 1' என்று மட்டும்தான் இருக்கிறது. "ஃபிட்டிங் ஃப்ரீயா பண்ணிக் கொடுத்தது சார், அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்கிறார்கள். ஆகவே ஃபிட்டிங்கையும் எழுதி வாங்குங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த காசு ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஸ்பாய்லரைக் கழற்றியபோது எடுத்த போட்டோக்கள், அந்த உபரித் துளை உட்பட, மனுவோடு இருக்கின்றன. போன வாரம் முதலாளி போன் பண்ணி, ஸ்பாய்லர் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பாயின் டிங்கரிங் பில்லையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.