கரிசல் காட்டில் ரோட்டவேட்டரும் விதைப்புக் கருவியும்: என் அனுபவம்

கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்குப் பதினொரு ஏக்கர் கரிசல், மூன்று ஏக்கர் செவக்காடு, அதாவது செம்மண். எல்லாமே மானாவாரி. புரட்டாசியில் மக்காச்சோளமும் உளுந்தும் விதைப்போம், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான் வெள்ளாமை. டிராக்டர் 45 குதிரைத்திறன். 2016இல் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் வாங்கினேன், 2019இல் விதைப்புக் கருவி. இன்றைக்குத் திரும்ப வாங்கச் சொன்னால் விதைப்புக் கருவியைத்தான் முதலில் வாங்குவேன். ரோட்டவேட்டரை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். புதிதாகக் கருவி வாங்க நினைப்பவர்களுக்கு என் மூன்று வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரோட்டவேட்டர் 6 அடி, 42 கத்தி. முதல் தடவை ஓட்டிவிட்டு வரப்பில் நின்று பார்த்தபோது நிலம் சலித்து வைத்த மாவு போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம். அந்த வருஷம் செவக்காட்டில் உளுந்து தூவி ஐந்தாம் நாள் நல்ல மழை, அப்புறம் மூன்று நாள் வெயில். மேல்மண் ஓடு கட்டிவிட்டது. முளை அதை முட்டிக்கொண்டு அடியிலேயே வளைந்து கிடந்தது. மண் அவ்வளவு பொடியாக இல்லாமல் சின்னச் சின்னக் கட்டியாகக் கிடந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

கரிசலில் வந்த பிரச்சினை வேறு. கத்தி எப்போதும் நாலு, ஐந்து அங்குலத்தில்தான் அடிக்கிறது. வருஷா வருஷம் அதே ஆழத்தில் அடித்தால் அதற்குக் கீழே ஒரு தளம் இறுகிவிடும். மூன்றாம் வருஷம் மக்காச்சோளத் தட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அருகம்புல் இருக்கிற காட்டில் ரோட்டவேட்டரை இறக்கவே வேண்டாம். புல்லைத் துண்டு துண்டாக வெட்டிக் காடு முழுக்க நட்டுவிடும், ஒவ்வொரு கணுவும் முளைத்து வரும். எனக்கு ஒரு மூலையில் இருந்த அருகு இரண்டே வருஷத்தில் அரை ஏக்கருக்குப் பரவியது.

அதனால் ரோட்டவேட்டர் வீண் என்று சொல்லவில்லை. மக்காச்சோளம் ஒடித்ததும் மண்ணில் ஈரம் இருக்கும்போதே தட்டையை நறுக்கி மடக்கிவிட அதைப் போல வேறு கருவி இல்லை. வருஷத்துக்கு அந்த ஒரு ஓட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மற்றபடி கோடை மழைக்கு ஐந்து கொத்துக் கலப்பையில் (ஐந்து கொழு உள்ளது) ஒரு உழவு, ஆவணியில் ஒன்பது கொத்தில் ஒரு உழவு. கட்டி கட்டியாகக் கிடந்தால் கிடக்கட்டும். கரிசல் வெயிலில் வெடித்து, மழையில் ஊறித் தானாக உதிரும் மண். அந்த வேலையை டீசல் ஊற்றிச் செய்ய வேண்டியதில்லை.

இறுகிய தளத்தை உடைக்க மூன்று வருஷத்துக்கு ஒரு முறை உளிக் கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில், முக்கால் முழ ஆழத்துக்குக் குறையாமல், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி கேக் வெட்டினது போல ஒரு கோடு விழும், பக்கத்து மண் உடையாது. இதையெல்லாம் சொந்தமாக வாங்காதீர்கள், வாடகையே போதும்.

சரி, விதைப்புக் கருவிக்கு வருகிறேன். முன்பெல்லாம் விதையைக் கையால் தூவிவிட்டு ஒன்பது கொத்தில் ஒரு ஓட்டு ஓட்டுவோம். விதை ஒன்று அரை அங்குலத்தில் கிடக்கும், ஒன்று ஐந்து அங்குலத்தில் புதைந்திருக்கும். மழைக்கு முந்திய புழுதி விதைப்பில் இதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. மேலாகக் கிடக்கிற விதை முதல் தூறலுக்கே முளைத்துவிடும். அடுத்த மழை பத்து நாள் தள்ளினால் கருகிப் போகும். மிச்சத்தை எறும்பும் மயிலும் பார்த்துக்கொள்ளும். இரண்டு அங்குலத்தில், அதாவது 5 செ.மீ. ஆழத்தில் விழுந்த விதை சின்னத் தூறலுக்கு அசையாது. மண் நன்றாக நனைந்தால்தான் எழும், எழுந்தால் நிற்கும். ஆழ உழு என்று பெரியவர்கள் சொன்னது உழவுக்கு. விதைக்கு வேண்டியது ஒரே ஆழம். அதைக் கருவிதான் கொடுக்கிறது.

முதலில் வாங்கியது பள்ளம் வெட்டிய உருளை விதை தள்ளும் வகை. எல்லா விதைக்கும் இது போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உளுந்துக்குக் குறையில்லை. மக்காச்சோளத்தைப் போட்டபோது உருளைக்கும் பெட்டிக்கும் இடையில் விதை நசுங்கியது. வீரிய விதை விற்கிற விலையில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அடுத்த வருஷமே அதை விற்றுவிட்டு, சாய்வாகச் சுற்றும் குழித்தட்டு விதையை எடுத்துப் போடுகிற சாய்தட்டு வகைக்கு மாறினேன். பயிருக்கு ஒரு தட்டு, குழி அளவு வேறு. மக்காச்சோளத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து வரிசை மட்டும் திறந்தால் 60 செ.மீ. இடைவெளி கிடைத்துவிடும்.

விதை அளவை வீட்டு வாசலிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். என் கருவி 9 வரிசை, இடைவெளி 30 செ.மீ., ஆக அகலம் 2.7 மீட்டர். தரையில் உருண்டு விதையை விழவைக்கும் தரைச்சக்கரத்தின் விட்டம் 50 செ.மீ., ஒரு சுற்றுக்கு 1.57 மீட்டர் ஓடும். கருவியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் 20 சுற்று சுற்றினால் 31.4 மீட்டர் ஓடிய கணக்கு, பரப்பு ஏறக்குறைய 85 சதுர மீட்டர். ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து வேண்டுமென்றால் விதை இறங்கும் ஒன்பது குழாயிலும் சேர்த்து 168 கிராம் விழ வேண்டும். குழாய்க்குக் குழாய் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள், 18, 19 கிராம் வர வேண்டும். எனக்கு முதல் தடவை ஒரு குழாயில் 11 கிராம்தான் வந்தது. தூவி விதைத்த காலத்தில் ஏக்கருக்கு 12 கிலோ போட்டுக்கொண்டிருந்தேன்.

2022இல் ஒரு பாடம். டிரைவர் தம்பி காட்டு முனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கருவியை இறக்கியிருக்கிறார். கொழு மண்ணில் குத்தியதும் குழாய் வாயில் மண் அடைத்துக்கொண்டது. பெட்டியில் விதை இருக்கிறது, சக்கரம் சுற்றுகிறது, மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. முளைத்து வந்த பிறகு, “அண்ணாச்சி, இந்தச் சால்ல ஒண்ணையும் காணோமே” என்றார். இரண்டு ஏக்கரில் ஒன்பதாவது வரிசை முழுக்க வெறுமை. வண்டி முன்னால் நகரும்போதுதான் கருவியை இறக்க வேண்டும், தூக்கிய பிறகுதான் பின்னால் எடுக்க வேண்டும். அப்போதிலிருந்து என் மனைவியோ நானோ கருவிக்குப் பின்னாலேயே நடந்து குழாய்களைப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

வாங்கும்போது உரக்குழாய் தனிக் கொழுவில் இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். விதையும் டிஏபி உரமும் ஒரே சாலில் ஒட்டி விழுந்தால் காய்ந்த மண்ணில் முளைப்பு கெடும். உரம் விதைக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே விழ வேண்டும். மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில், உழவன் செயலி வழியாகவே பதியலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை.

வரிசை நேராக இருப்பதில் இன்னொரு லாபம் களையெடுப்பு. சின்னக் களைக்கருவி உள்ளே போய் வருகிறது. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்குக் குருத்தில் மருந்து அடிக்கும்போதும் செடியை மிதிக்காமல் நடக்க முடிகிறது.

விதைப்பு முடிந்த அன்றைக்கே உரப்பெட்டியைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவிவிடுகிறேன். ஒரு வருஷம் அசட்டையாக விட்டதில் அடித்தகடு அரித்து ஓட்டையானது. போன ஆனியில் எலி கடித்த இரண்டு குழாயை மாற்றினேன். இந்தப் புரட்டாசிக்குத் தட்டுகள், சங்கிலி எல்லாம் தயார்.