மக்கான் பக்கத்துச் சலூன்: ஓய்வுபெற்ற ஹவில்தாரின் மதிப்பீடு

வேலூர் மக்கான் சந்திப்பிலிருந்து ஐந்து நிமிட நடையில், பெயர்ப்பலகை இல்லாமல், இரண்டு நாற்காலிகளும் ஒரு நீள பெஞ்சும் கொண்ட முடிதிருத்தும் கடை ஒன்று இருக்கிறது. 22 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய நாள்முதல் நான் தலையைக் கொடுத்து வருவது அங்கேதான் என்பதால், அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு.

முதல் நாள், கடைக்காரர் துணியைப் போர்த்திவிட்டு, "எப்டி வெட்டட்டும்ணா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை 22 ஆண்டுகளாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. ரங்கரூட்டாக, அதாவது புதிதாகச் சேர்ந்த சிப்பாயாக, நீலகிரியில் உள்ள வெலிங்டனில் போய் இறங்கியபோது, எங்களை மரத்தடியில் வரிசையாக உட்காரவைத்தார்கள். நாயி என்று நாங்கள் அழைத்த படைப்பிரிவின் நாவிதர், கை மிஷினைப் பிடரியில் வைத்து நெற்றிவரை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். எல்லாரும் எழுந்து நின்றபோது, காலையில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனது எவனிடம் என்றே எனக்குத் தெரியவில்லை. "தொப்பிக்குள் இருக்கிற முடி உன்னுடையது, வெளியே தெரிவது சர்க்காருடையது" என்பார் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத். சர்க்கார் சொத்தை வளரவிட்டவனுக்கு ரகடா என்ற தண்டனை நிச்சயம்: பிட்டு என்ற சுமைப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவிட்டு, வேர்வையோடு மறுபடி நாயியிடம் போய் உட்கார வேண்டும்.

ஆகவே "மிலிட்டரி கட்" என்று சொல்லிவைத்தேன். அதையும் கடைக்காரர் அவசரப்படாமல், சீப்பின்மேல் கத்தரிக்கோலை ஓட்டி, காதோரம் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். சவரத்துக்குப் புது பிளேடை நம் கண்ணெதிரே உறையைப் பிரித்து, பாதியாக ஒடித்துப் பிடியில் பொருத்துகிறார். முடித்ததும் படிகாரக் கல்லை நனைத்து முகம் முழுவதும் தேய்க்கிறார்.

வேலூரில் சிப்பாயின் முகத்தில் கத்தி வைப்பது சாதாரண விஷயமல்ல. 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்பே கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கி எடுத்ததற்கான காரணங்களில், தாடியை மழிக்க வேண்டும், மீசையை அளவோடு வெட்ட வேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, தோல் வைத்த புதுத் தொப்பியை அணிய வேண்டும் என்று வந்த உத்தரவும் ஒன்று. அவர்களுக்கு எழுப்பிய நினைவுத்தூணைக் கடந்துதான் நான் மாதந்தோறும் சொந்தச் செலவில் மழித்துக்கொள்ளப் போகிறேன்.

பெஞ்சில் பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர். கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு சிப்பாய் என்பார்கள். அங்கிருந்தும் சிலர் வருகிறார்கள். பென்ஷன் நிலுவை, கேன்டீன் சரக்கு, முழங்கால் வலி என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும். நவம்பரில் மட்டும் இடம் கிடைக்காது. வாழ்நாள் சான்றிதழுக்காகக் கைப்பேசியில் முகத்தைக் காட்ட வேண்டியிருப்பதால், உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் முன் எல்லாரும் கிராப் வெட்டிக்கொள்கிறார்கள்.

குறை என்றால், நேரம். "பத்து நிமிஷம்ணா" என்றால் நாற்பது நிமிடம் என்று கொள்க. ராணுவத்தில் கர்னல் ஆறு மணிக்கு ஃபால்-இன் (வரிசையில் வந்து நிற்பது) என்றால், சுபேதார் ஐந்தே முக்கால் என்பார், ஹவில்தார் ஐந்தரை என்பார், நாயக் ஐந்தேகாலுக்கே நிற்க வைத்துவிடுவார். அந்த ஹவில்தார் வேலையை நானே பார்த்தவன். பழக்கம் போகாத நாங்கள் நாலு பேர், ஏழு மணிக்குத் திறக்கிற கடையின் ஷட்டர் முன்னால் ஆறரைக்கே வரிசையாக நிற்கிறோம். பூட்டைத் திறக்க வருகிற கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தானும் ஒருமுறை விறைப்பாக நின்றுவிட்டுத்தான் சாவியை எடுக்கிறார்.

முடிக்கு 120 ரூபாய், சவரத்துக்கு 60. பக்கத்து நாற்காலியில் கல்லூரிப் பையன்கள் ஃபேடு என்ற பெயரில் காதுக்கு மேலே ஒட்டச் சிரைத்துக்கொண்டு 250 ரூபாய் தருகிறார்கள். நாயி இலவசமாகச் செய்த அதே வேலைதான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கண்ணாடிக்கு வலப்புறம் உள்ள நாற்காலியின் தலைசாய்ப்பான் தளர்ந்திருக்கிறது. சவரத்துக்கு இடப்புற நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.