பெர்கன் – ஸ்டவாங்கர்: வானில் நாற்பது நிமிடம், வாசலுக்கு வாசல் எவ்வளவு?

நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கனின் ஃபிளெஸ்லாண்ட் விமான நிலையத்துக்கும் ஸ்டவாங்கரின் சூலா விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 160 கிலோமீட்டர். இதை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைக் கூட்டினால் 42 நிமிடம் வரும். விமான அட்டவணைகளும் ஏறத்தாழ அதையே சொல்கின்றன. முழு வேகத்தில் பறக்கும் நேரம் சொற்பம். உயரத்தை எட்டியதுமே விமானம் இறங்க ஆயத்தமாகிவிடும்.

ஆனால் பயணிக்கு வேண்டியது வாசலுக்கு வாசல் கணக்கு. பெர்கன் நகர மையத்திலிருந்து ஃபிளெஸ்லாண்டுக்கு, 2017 முதல் ஓடும் டிராமில் முக்கால் மணி நேரம். பாதுகாப்புச் சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணி நேரம் வையுங்கள். இறங்கிய பின் சூலாவிலிருந்து ஸ்டவாங்கர் மையத்துக்கு அரை மணி. ஆக, மூன்று மணி நேரம் கரைந்துவிடும்.

பஸ்ஸில் போனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். இ39 நெடுஞ்சாலையில் தூரம் 200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும்; நேரத்தைத் தின்பது கடல். வடக்கே ஹால்யெம் – சான்ட்விக்வோக் இடையே முக்கால் மணி, தெற்கே ஆர்ஷ்வோகன் – மோர்டவிகா இடையே 25 நிமிடம் என இருமுறை பஸ்ஸே படகில் ஏறிக் கடக்கிறது. பயணிகள் இறங்கி மேல்தளத்துக்குப் போய்க் காபி குடிக்கலாம், மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழியான ஃபியோர்டைப் பார்க்கலாம். விமானப் பயணம் செலவழிக்கும் மூன்று மணியில் இப்படி நிம்மதியாக உட்காரும் நேரம் மிகக் குறைவு. வரிசையில் நிற்பதும் பெட்டியைத் தூக்குவதுமாகவே போய்விடும். பருவநிலை விஷயத்தில் இருவருமே நம்பகமில்லாதவர்கள்: மூடுபனி விமானத்தையும், புயல் படகையும் நிறுத்திவிடும்.

ரயிலை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். கரையோரமாக இருப்புப்பாதை கிடையாது. ஓஸ்லோ பக்கம் ஏழு மணி நேரம் போய், அங்கிருந்து இன்னொரு எட்டு மணி நேரம் திரும்பி வர வேண்டும்.

பிறகு ஏன் விமானங்களில் இவ்வளவு கூட்டம்? எண்ணெய்த் தொழில்தான். எக்வினோர் நிறுவனத்தின் தலைமையகம் சூலாவுக்கு அருகே ஃபூருஸில். அதன் பெர்கன் அலுவலகம் ஃபிளெஸ்லாண்டுக்குப் பக்கத்தில் சான்ட்ஸ்லியில். இந்த இரண்டு அலுவலகங்களுக்கிடையே போகிறவருக்கு நகர மையமே வழியில் வராது. மூன்று மணி இரண்டாகச் சுருங்கும். காலையில் போய்க் கூட்டத்தை முடித்து மாலையில் திரும்ப விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு, அவசரமில்லாமல், மூட்டை முடிச்சுகளோடு போகிறவருக்கு நான் பஸ்ஸைத்தான் சொல்வேன்.

போக்னாஃபியோர்டுக்கு அடியில் ரோக்ஃபாஸ்ட் சுரங்கச் சாலை உருவாகிவருகிறது: நீளம் சுமார் 27 கிலோமீட்டர், ஆழம் கடல்மட்டத்துக்குக் கீழே 392 மீட்டர் வரை. 2033-இல் திறப்பது திட்டம். திறந்தால் தெற்குப் படகு தேவையற்றுப்போய், சுமார் 40 நிமிடம் மிச்சமாகும். வடக்கே ஹால்யெம் படகு இருக்கும்வரை பஸ்ஸால் விமானத்தை முந்த முடியாது. ஆனால் இடைவெளி ஒன்றரை மணி நேரமாகக் குறைந்துவிடும்.